எண்ணும் கணினியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் மேட்லாப் என்னும் கணக்கீட்டு மென்பொருளைக் கற்றுத் தருகிறார்கள். அதை விலை கொடுத்து வாங்க வீட்டில் வசதி இல்லை. இலவசமாகக் கிடைக்கும் ஆக்டேவில் பழகினால் பயன் உண்டா? எந்த இடத்தில் அது கைவிடும்?
— பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி, விருதுநகர்

பதில்: தாராளமாகப் பழகலாம். உங்கள் பாடத்திட்டத்தில் வரும் அணிக் கணக்குகள், சமன்பாட்டுத் தீர்வுகள், வரைபடங்கள் ஆகியவற்றில் பெரும்பாலானவை ஓர் எழுத்தும் மாறாமல் இரண்டிலும் ஓடும். இந்த ஒற்றுமை தற்செயலாக வந்ததன்று. இரண்டும் பிறந்த காரணமே ஏறத்தாழ ஒன்றுதான். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கிளீவ் மோலர் என்ற பேராசிரியர், தம் மாணவர்கள் ஃபோர்ட்ரான் நிரல்மொழியில் மல்லுக்கட்டாமலேயே லின்பேக், ஐஸ்பேக் என்னும் அணிக்கணிதத் தொகுப்புகளைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக எழுதியதே முதல் மேட்லாப். அதை வணிகப் பொருளாக்க 1984இல் மேத்வொர்க்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆக்டேவோ, வேதி உலைகளின் வடிவமைப்பைப் பற்றிய ஒரு பாடநூலுக்குத் துணையாக 1988இல் திட்டமிடப்பட்டு, 1992இல் ஜான் ஈட்டன் முழுமூச்சாக எழுதத் தொடங்கிய மென்பொருள். மாணவர்கள் வேதிப்பொறியியலைக் கற்க வேண்டிய நேரத்தையெல்லாம் தங்கள் ஃபோர்ட்ரான் நிரல் ஏன் ஓடவில்லை என்று தேடுவதிலேயே கரைக்கிறார்கள் என்ற ஆதங்கம்தான் அதற்கு வித்திட்டது. பெயரைக் கேட்டதும் பலர் அதை இசையோடு முடிச்சுப் போடுகிறார்கள். உண்மையில் அது ஈட்டனின் ஆசிரியர் ஆக்டேவ் லெவன்ஸ்பீலின் பெயர். கைக்குக் கிடைத்த துண்டுத் தாளில் தோராயக் கணக்குப் போட்டு விடையை நெருங்கிவிடுவதில் அவர் பேர்பெற்றவர். கணினி விடை சொல்வதற்கு முன் அது எவ்வளவு இருக்கும் என்று மனத்தளவில் மதிப்பிட்டுப் பார்க்கும் அந்தப் பழக்கத்தை, மென்பொருளோடு சேர்த்து நீங்களும் கைக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

கைவிடும் இடங்களும் உண்டு. பெட்டிகளை இழுத்துப் போட்டுக் கோடுகளால் இணைத்து ஓர் அமைப்பை இயக்கிப் பார்க்கும் சிமுலிங்க் ஆக்டேவில் கிடையாது. அதற்கு நிகராக ஏதேனும் வேண்டுமென்றால், பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் பிறந்த சைலேப் மென்பொருளின் எக்ஸ்காஸ் பகுதியைப் பார்க்கலாம். ஆனால் சைலேப்பின் கட்டளை இலக்கணம் மேட்லாப்பிலிருந்து சற்று விலகியது. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் இத்தகைய கட்டற்ற மென்பொருள்களுக்கான பாடங்களைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் குரல்வழி வழங்குகிறது. அடுத்து, கட்டுப்பாட்டியல், சிக்னல் பகுப்பாய்வு, புள்ளியியல் போன்றவற்றுக்குரிய துணைத்தொகுப்புகளை ஆக்டேவில் தனியே நிறுவி, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஏற்ற வேண்டும். இதை மறந்துவிட்டு, "அந்தக் கட்டளையே இல்லை என்கிறது" என்று திகைப்பவர்கள் மிகப் பலர். கடைசியாக ஓர் எச்சரிக்கை: ஆக்டேவ் சில இடங்களில் மேட்லாப்பைவிடத் தாராளமாக நடந்துகொள்ளும். நிரலுக்குள் எழுதும் குறிப்புரையை # குறியில் தொடங்கினாலும், கூட்டல் குறியையும் சமக்குறியையும் ஒட்டி எழுதி ஒரு மாறியின் மதிப்பைக் கூட்டினாலும் அது ஏற்றுக்கொள்ளும், மேட்லாப் ஏற்காது. ஆகவே வீட்டில் பழகும்போதே மேட்லாப்பின் இலக்கணத்திலேயே எழுதுங்கள். தேர்வன்று ஆய்வகத்தில் தடுமாற வேண்டியிராது.

கேள்வி: பூஜ்ஜியத்தில் தொடங்கி 0.1 வீதம் கூட்டிக்கொண்டே போய், 1 வந்ததும் நிற்கும்படி ஆக்டேவில் ஒரு சுழற்சி எழுதினேன். அது நிற்கவே இல்லை. திரையில் 1.0000 என்று வந்ததை என் கண்ணால் பார்த்தேன். மென்பொருளில் பிழையா?
— கணினி அறிவியல் மாணவர், கும்பகோணம்

பதில்: பிழை மென்பொருளில் இல்லை, நீங்கள் பார்த்த அந்த 1.0000இலேயே விடையும் இருக்கிறது. ஆக்டேவ் உண்மையான 1ஐக் காட்டும்போது வெறுமனே 1 என்றுதான் காட்டும். புள்ளியும் நான்கு சுழியும் சேர்ந்து வந்தால், "இது முழு எண் அன்று, இடம் போதாமல் சுருக்கிக் காட்டுகிறேன்" என்று பொருள். எல்லா இலக்கங்களையும் காட்டச் சொல்லிப் பாருங்கள், 0.9999999999999999 என்று வரும். உங்கள் நிரல் 1க்குச் சமமா என்று கேட்டது, இல்லை என்ற சரியான பதிலைப் பெற்றது, 1ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

ஒன்றை மூன்றால் வகுத்தால் 0.333 என்று முடிவில்லாமல் போகிறதல்லவா? எத்தனை இலக்கத்தோடு நிறுத்தினாலும் அது மூன்றில் ஒரு பங்கைவிடச் சிறிது குறைவாகவே இருக்கும். கணினி பத்தடிமானத்தில் எண்ணுவதில்லை, 0, 1 என்ற இரண்டே இலக்கங்கள் கொண்ட இரண்டடிமானத்தில் எண்ணுகிறது. அந்த எண்முறையில் பத்தில் ஒன்று என்பது இதே போல முடிவில்லாமல் நீளும் எண். அரை, கால், அரைக்கால் போன்றவை அங்கே துல்லியமாக எழுதப்படும், 0.1 மட்டும் எழுதப்படாது. 1985இல் ஏற்கப்பட்ட, பெரும்பாலான கணினிகள் இன்றும் பின்பற்றும் ஐஇஇஇ 754 என்ற பின்ன எண் தரத்தின்படி, ஓர் இரட்டைத் துல்லிய எண்ணுக்கு 53 இரும இலக்கங்கள்தான் இடம். அதற்குள் அடக்கும்போது 0.1 என்பது உண்மையில் 0.1000000000000000055 என்று தொடரும் ஓர் எண்ணாகப் பதிகிறது. மிகை மிகச் சிறியதுதான். ஆனால் ஒவ்வொரு முறை கூட்டும்போதும் விடை மறுபடி 53 இலக்கங்களுக்குள் வெட்டி அடக்கப்படுகிறது. பத்து முறை அப்படி அடக்கியதில் கடைசி இலக்கத்தில் ஒரு சிறு குறை எஞ்சிவிட்டது.

இவ்வளவு சிறிய குறைக்கு இவ்வளவு பேச்சா என்று நினைக்க வேண்டாம். 1991 பிப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரின்போது, சவுதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த அமெரிக்கப் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, பாய்ந்து வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 படைவீரர்கள் இறந்தார்கள். அந்த அமைப்பின் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு நொடிகளாக எண்ணி, அந்த எண்ணிக்கையை 0.1ஆல் பெருக்கி நொடிகளாக்கியது. அங்கே 0.1க்குக் கிடைத்த இடம் 24 இரும இலக்கங்கள்தான். அதனால் நேர்ந்த குறை சுமார் 0.000000095. இயந்திரத்தை அணைக்காமல் ஏறத்தாழ 100 மணி நேரம் இயக்கியிருந்தார்கள். 100 மணி நேரத்தில் 36 லட்சம் பத்தில் ஒரு நொடிகள். பெருக்கிப் பாருங்கள், 0.34 நொடி வரும். நொடிக்கு ஏறத்தாழ 1,676 மீட்டர் வேகத்தில் வரும் ஏவுகணை அதற்குள் அரை கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். இந்தக் கணக்கை நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம், கடைசி வரியை எழுதி முடித்ததும் அறை அமைதியாகிவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. சுழற்சியை 0 முதல் 10 வரை முழு எண்களால் நடத்தி, உள்ளே பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். பின்ன எண்கள் இரண்டைச் சமமா என்று ஒருபோதும் நேராகக் கேட்காதீர்கள். அவற்றின் வித்தியாசம் நீங்கள் முன்கூட்டியே வரையறுத்த ஒரு சிறு அளவைவிடக் குறைவா என்று கேளுங்கள். பணக் கணக்கென்றால் ரூபாயில் வேண்டாம், பைசாவில் முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே எட்டு எண்களுக்குப் பைத்தான் நிரல்மொழியின் நம்பை என்ற கணக்கீட்டுத் தொகுப்பு ஒரு திட்ட விலக்கமும் ஆக்டேவ் வேறொரு திட்ட விலக்கமும் தருகின்றன. எது சரி?
— முதுகலைப் புள்ளியியல் மாணவி, திருச்சி

பதில்: இரண்டும் சரி, இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான விடைகள். 2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்ற எண்களை எடுத்துக்கொள்வோம். சராசரி 5. விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 32. இதை 8ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 2. ஒன்றைக் குறைத்து 7ஆல் வகுத்தால் 2.138. உங்களிடம் இருப்பவைதாம் முழுத் தொகுதியும் என்றால் முதலாவது. பெரிய தொகுதி ஒன்றிலிருந்து எடுத்த கூறு மட்டுமே என்றால் இரண்டாவது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் நம்பை முதலாவதைத் தரும். ஆக்டேவ், மேட்லாப், ஆர் என்னும் புள்ளியியல் மொழி ஆகியவை இரண்டாவதைத் தரும். பைத்தானுக்குள்ளேயே நம்பையின் மேல் கட்டப்பட்ட பாண்டாஸ் என்ற தரவுத் தொகுப்பு இரண்டாவதைத் தரும் என்பதுதான் பலரையும் கவிழ்க்கும் இடம்.

மாணவப் பருவத்தில் நான் ஓர் ஆய்வறிக்கையின் அட்டவணைகளில் பாதியை ஒரு மென்பொருளிலும் மீதியை மற்றொன்றிலும் கணக்கிட்டு, அவை பொருந்தாமல் போனதால் மூன்று இரவுகள் தரவில்தான் பிழை என்று ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தேன். தரவில் பிழையே இல்லை. வகுத்த எண்தான் வேறு. அன்று முதல், எந்தப் புதிய மென்பொருளைத் தொட்டாலும் கையால் போட்டு விடை தெரிந்த இந்த எட்டு எண்களைத்தான் முதலில் அதற்குக் கொடுக்கிறேன். உங்கள் ஆய்வேட்டிலும் "திட்ட விலக்கம்" என்று மட்டும் எழுதிவிடாமல், எதனால் வகுத்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

கேள்வி: சமன்பாடுகளைத் தீர்க்கும்போது, அணி பூஜ்ஜியக் கோவை அணிக்கு மிக நெருக்கமாக இருக்கிறது என்று ஆக்டேவ் எச்சரிக்கிறது. ஆனாலும் விடை வந்துவிடுகிறது. எச்சரிக்கையை விட்டுவிடலாமா?
— உதவிப் பேராசிரியர், நாகர்கோவில்

பதில்: விட்டுவிடாதீர்கள். எக்ஸும் ஒய்யும் சேர்ந்தால் 2 என்பது ஒரு சமன்பாடு, எக்ஸோடு 1.0001 மடங்கு ஒய்யைக் கூட்டினால் 2.0001 என்பது இன்னொன்று. தீர்வு: இரண்டும் 1. இப்போது அந்த 2.0001ஐ மட்டும் 2.0002 ஆக்குங்கள். தீர்வு எக்ஸ் 0, ஒய் 2 என்று தாவிவிடும். அளவுகோலில் கண்ணுக்கே தெரியாத ஒரு மாற்றம் விடையையே புரட்டிப் போடுகிறது. ஏனெனில் அந்த இரண்டு கோடுகளும் ஏறத்தாழ இணையாக ஓடுகின்றன, அவை வெட்டும் புள்ளி சிறு அசைவுக்கும் வெகுதூரம் வழுக்கிச் செல்லும். விடை எவ்வளவு எளிதில் புரளும் என்பதைக் காட்டும் கண்டிஷன் எண் இந்த அணிக்குச் சுமார் 40,000. அதாவது கையில் உள்ள பதினாறு இலக்கத் துல்லியத்தில் நான்கைந்து இலக்கங்கள் பறிபோகும். இவ்வளவு இருந்தும் இதற்கு ஆக்டேவ் வாயே திறக்காது. அது எச்சரிக்கும்போது அநேகமாக எல்லா இலக்கங்களும் போய்விட்டன என்று கொள்ளுங்கள்.

நேர்மாறு அணியைக் கண்டுபிடித்துப் பெருக்குவதைவிட, பின்சாய்வுக் கோட்டுக் குறியால் நேரடியாகத் தீர்ப்பது வேகமும் துல்லியமும் மிக்கது. ஆனால் அதுவும் இந்த நோய்க்கு மருந்தாகாது. உங்கள் சமன்பாடுகளில் ஒன்று மற்றொன்றையே வேறு சொற்களில் சொல்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: என் வழிகாட்டி எக்ஸெல் போதும் என்கிறார். நண்பர்கள் பைத்தானோ ஆரோ கற்றே ஆக வேண்டும் என்கிறார்கள்.
— உயிரித் தொழில்நுட்ப ஆய்வு மாணவர், கோயம்புத்தூர்

பதில்: சில நூறு வரிசைகளை உள்ளிட, கண்ணால் பார்க்க, கூட்டிக் கழிக்க எக்ஸெல் போதும், உங்கள் வழிகாட்டி சொல்வதில் தவறில்லை. ஆனால் உங்கள் துறையில் அதை நம்பித் தரவை ஒப்படைப்பதற்கு நான் அஞ்சுவேன். மார்ச் 1, செப்ட் 2 என்பன மரபணுக்களின் குறியீட்டுப் பெயர்களாக இருந்தவை. எக்ஸெல் அவற்றைத் தேதிகள் என்று எண்ணி, கேட்காமலே மாற்றிவிடும். வெளியான ஆய்வுக் கட்டுரைகளின் இணைப்பு அட்டவணைகளில்கூட இப்படிச் சிதைந்த பெயர்கள் ஏராளமாகப் புகுந்துவிட்டதால், 2020இல் மரபணுப் பெயரிடும் குழு அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. 2023இல்தான் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதி எக்ஸெல்லில் வந்தது.

அதே 2020இல், செப்டம்பர் 25க்கும் அக்டோபர் 2க்கும் இடையே, இங்கிலாந்தில் கொரோனா தொற்று உறுதியான 15,841 பேரின் விவரம் தினசரிக் கணக்கில் சேராமல் போயிற்று. பழைய எக்ஸெல் கோப்பு வடிவத்தில் 65,536 வரிசைகள்தாம் அடங்கும். அதற்கு மேல் வந்தவை சத்தமின்றி உதிர்ந்துவிட்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணியும் அதனால் தாமதமாயிற்று.

பைத்தானா ஆரா என்பது இரண்டாம் கேள்வி. உங்கள் ஆய்வகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் எதைப் பயன்படுத்துகிறாரோ அதையே கற்றுக்கொள்ளுங்கள். முக்கியமானது என்னவென்றால், எழுதிவைத்த நிரலில் நீங்கள் தரவுக்குச் செய்த ஒவ்வொரு செயலும் வரிவரியாக இருக்கும். ஆறு மாதம் கழித்தும் பிறர் அதைப் படித்துச் சரிபார்க்கலாம். எக்ஸெல் கட்டத்தில் எலியால் இழுத்துச் செய்த மாற்றத்துக்குச் சாட்சி கிடையாது.

கேள்வி: என் தரவில் இரண்டு அளவுகளுக்கு இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.816 வந்திருக்கிறது. இதற்கு மேல் வரைபடம் எதற்கு?
— கல்வியியல் ஆய்வாளர், மதுரை

பதில்: நீங்கள் எந்த எண்ணைக் குறிப்பிடுகிறீர்கள் என்று தெரிந்தே எழுதினீர்களா என அறியேன், புள்ளியியலில் புகழ்பெற்ற ஓர் எடுத்துக்காட்டின் எண்ணே அதுதான். 1973இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் பதினொரு பதினொரு புள்ளிகள் கொண்ட நான்கு தொகுப்புகளை அமைத்தார். நான்கிலும் எக்ஸின் சராசரி 9, ஒய்யின் சராசரி 7.50, ஒட்டுறவுக் கெழு 0.816, பொருத்தும் நேர்கோடும் ஒன்றே. வரைந்து பார்த்தால் முதல் தொகுப்பு ஒரு கோட்டைச் சுற்றி இயல்பாகச் சிதறியிருக்கும். இரண்டாவது வழவழப்பான ஒரு வளைகோடு. மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் அச்சுக் குத்தினாற்போல ஒரே கோட்டில் நிற்க, ஒன்று மட்டும் மேலே எகிறிக் கோட்டைத் தன் பக்கம் இழுத்திருக்கும். நான்காவதில் பத்துப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக நிற்கும். தொலைவில் தனித்து நிற்கும் பதினோராவது புள்ளிதான் அந்த 0.816ஐயே உண்டாக்குகிறது, அதை எடுத்துவிட்டால் கெழுவைக் கணக்கிடவே முடியாது. உங்கள் தரவு இந்த நான்கில் எதைப் போன்றது என்பதைக் கெழு சொல்லாது. ஒரு சிதறல் படம் சொல்லும். அதற்கு எந்த மென்பொருளிலும் ஒரு வரிக் கட்டளை போதும்.

நிறங்களைக் கொண்டு அளவைக் காட்டும் படம் வரைவதானால், வானவில் நிறவரிசையைத் தவிர்த்துவிடுங்கள். அதில் மஞ்சள் மட்டும் பளிச்சென்று தெரிவதால், தரவில் இல்லாத ஒரு விளிம்பு படத்தில் முளைத்துவிடும். இதனால்தான் பைத்தானின் வரைபடத் தொகுப்பான மேட்பிளாட்லிப் 2017இல், கரும் ஊதாவில் தொடங்கிச் சீராக வெளுத்து மஞ்சளில் முடியும் விரிடிஸ் என்ற வரிசையை இயல்பாக்கியது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கும், கறுப்பு வெள்ளையில் நகலெடுப்பவர்களுக்கும் அது விளங்கும்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். வீட்டு முற்றத்தில் மழைமானி வைத்துப் பல ஆண்டுகளாக நோட்டில் குறித்து வருகிறேன். இவற்றைக் கணினியில் ஏற்றி வரைபடமாகப் பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது?
— வாசகர், தென்காசி

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை, ஐயா. மென்பொருளைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். ஆக்டேவ், ஆர், பைத்தான் எதுவானாலும் இந்த வேலையைச் செய்யும். முதலில் தரவைச் செப்பமாக உள்ளிடுங்கள். ஒரு நாளுக்கு ஒரு வரி: தேதி, காற்புள்ளி, மில்லிமீட்டரில் மழை. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், மாதத்துக்கும் நாளுக்கும் இரண்டிரண்டு இலக்கமாக எழுதுங்கள். அப்போது எந்த மென்பொருளும் மாதத்தை நாளென்று மயங்காது, அகர வரிசையும் கால வரிசையும் ஒன்றாகவே அமையும்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். மழை பெய்யாத நாளில் 0 என்று எழுதுங்கள். ஊருக்குப் போயிருந்ததால் அளக்காத நாளில் 0 எழுதாதீர்கள், வெற்றிடமாக விடுங்கள். அதை "எண் இல்லை" என்ற தனி மதிப்பாக எடுத்துக்கொள்ளும்படி மென்பொருளுக்குச் சொல்லுங்கள். அத்தகைய ஒரு நாள் இருந்தாலும், பல மென்பொருள்களில் மாதக் கூட்டுத்தொகையும் "எண் இல்லை" என்றே வரும். முதலில் இது எரிச்சலூட்டும், ஆனால் அதுதான் நேர்மையான விடை. அந்த நாளை விலக்கிக் கூட்டச் சொல்வதா, அந்த மாதத்தையே ஒதுக்குவதா என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும், கணினி அன்று. எத்தனை மணிக்கு அளந்தீர்கள் என்பதையும் கோப்பின் தலைப்பில் குறியுங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்து மழையை அந்தத் தேதியில் பதிவு செய்கிறது. நீங்கள் மாலையில் அளந்திருந்தால் உங்கள் எண்களும் அவர்கள் எண்களும் நாளுக்கு நாள் ஒத்துப்போகா. 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்த நாளையே அத்துறை மழைநாள் எனக் கணக்கிடுகிறது. உங்கள் நோட்டிலிருந்து ஆண்டுதோறும் மழைநாள்கள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது நல்ல முதல் பயிற்சி.

தினசரி மழையைக் கோடாக இணைக்காமல் பட்டைகளாக வரையுங்கள். இரண்டு நாள் மழைக்கு இடையே இழுக்கும் சாய்கோட்டுக்குப் பொருள் இல்லை. கூட்டிக்கொண்டே போகும் மொத்த மழையைக் கோடாக வரையலாம். அந்தக் கோட்டை ஜனவரியில் தொடங்காமல் ஜூனில் தொடங்குங்கள்; சாரல் காலத்தில் மெல்ல ஏறிப் பிறகு சற்றே தட்டையாகி, ஐப்பசி அடைமழையில் மறுபடி எழும் உங்கள் ஊரின் இரட்டைப் பருவம் ஒரே படத்தில் உடையாமல் தெரியும். எல்லா ஆண்டுகளையும் மெல்லிய சாம்பல் கோடுகளாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நடப்பு ஆண்டை மட்டும் தடித்த நீலத்தில் வரைந்து எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.